பிக்கப்பின் முன்பக்கத்தை உயர்த்த: ஸ்பேசரா, ஸ்ட்ரட்டா?

பிக்கப் வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பின்பக்கம் ஒன்றிரண்டு அங்குலம் உயர்ந்துதான் இருக்கும். தொட்டியில் பாரம் ஏறியதும் பின்பக்க ஸ்பிரிங் அமுங்கி வண்டி சமமாக நிற்கட்டும் என்ற கணக்கு அது. பெரும்பாலும் வெறும் தொட்டியோடு ஓட்டுகிறவருக்கோ வண்டி எப்போதும் தலையைக் குனிந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். முன்பக்கத்தை உயர்த்தி இதைச் சரிசெய்வதுதான் லெவலிங் கிட். கூடவே கொஞ்சம் பெரிய டயரும் புது ரிம்மும் போட ஆசை வரும். எனக்கும் வந்தது. என் ஃபோர்டு எஃப்-150 வண்டிக்கு நான் தேர்ந்தெடுத்தது உயரம் மாற்றக்கூடிய ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), ஒன்றரை அங்குல உயர்வு, அகலம் கூட்டாத 275/70 ஆர் 18 டயர் (275 மி.மீ. அகலம், அதில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 18 அங்குல ரிம்). என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்யப் பார்க்கிறேன்.

முன்பக்கம் சுயேச்சை சஸ்பென்ஷன் (ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு) உள்ள வண்டிகளுக்கு மூன்று வழிகள் உண்டு. ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் வைத்துப் பூட்டும் ஸ்பேசர் (உயரம் கூட்டும் இடைத்துண்டு) ஒன்று. ஸ்ட்ரட்டைப் பிரித்து, ஸ்பிரிங்கை அமுக்கி, அதற்கு மேல் வைக்கும் ஸ்பேசர் இன்னொன்று. மூன்றாவது, ஸ்பிரிங் உட்காரும் தட்டைப் படிப்படியாக உயர்த்திப் பூட்டுவதற்கான பள்ளங்கள் வெட்டப்பட்ட ஸ்ட்ரட். பில்ஸ்டீன் நிறுவனத்தின் 5100 இந்த வகை. முதல் இரண்டையும் கடைகளில் ஒரே பெயரில் விற்கிறார்கள் என்றாலும் அவை வேலை செய்யும் விதம் வேறு. வாங்குமுன் எது என்று கேட்டுவிடுவது நல்லது.

மேலே வைக்கும் ஸ்பேசர் மலிவு. ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம், அரை நாளில் வேலை முடிந்துவிடும். ஸ்ட்ரட்டின் கீழ்முனை, சக்கரத்தை வண்டிச்சட்டத்தோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் இடைப்பகுதியில் பிடிக்கப்பட்டிருப்பதால், சிறிய துண்டே சக்கரத்தில் ஏறத்தாழ இரு மடங்கு வரை உயரம் தரும். இரண்டு அங்குல கிட் என்று வாங்கிய பெட்டிக்குள் ஓர் அங்குலத் துண்டு இருப்பதைப் பார்த்து யாரோ ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வேகத்தடையைத் தாண்டி முன்சக்கரம் கீழே தொங்கும் நொடியில், ஸ்ட்ரட் முழுதாக நீண்டு ஓரிடத்தில் நிற்கும். பால் ஜாயின்ட்டும் (கன்ட்ரோல் ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டு), நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன் ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட்டும் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு) எந்தக் கோணம் வரை வளையலாம் என்பதை அந்த நிறுத்தம்தான் தீர்மானிக்கிறது. தலைக்கு மேல் ஸ்பேசர் வைத்தால் நிறுத்தமே கீழே போய்விடுகிறது. சக்கரம் தொழிற்சாலை நினைத்ததைவிட அதிகமாகத் தொங்கும். மேல் கன்ட்ரோல் ஆர்ம் ஸ்பிரிங்கில் உரசலாம், சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறை மடிப்புகளில் தேய்ந்து கிழியலாம். உறை கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போனால் அந்த ஜாயின்ட்டின் ஆயுள் அவ்வளவுதான். ஓர் அங்குல உயர்வில் இதெல்லாம் பெரும்பாலும் தலைகாட்டாது. இரண்டரை அங்குலம் என்று போகும்போது கண்காணிக்க வேண்டியிருக்கும்.

உயரம் மாற்றக்கூடிய ஸ்ட்ரட்டில் நீளம் கூடுவதில்லை, ஸ்பிரிங்கின் இருக்கை மட்டுமே உயர்கிறது. ஆகவே சக்கரம் எவ்வளவு தொங்கலாம் என்ற எல்லை பழையபடியே இருக்கிறது. வண்டி உயர்ந்து நிற்பதால் அந்த எல்லைக்கு முன்னால் மீதமிருக்கும் தூரம் குறைகிறது என்பது இதற்குக் கொடுக்கும் விலை. வேகத்தடையைச் சற்று வேகமாகத் தாண்டினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், சின்னச் சின்னப் பள்ளங்களில் வண்டி கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசரிலும் இதே குணம் உண்டு. ஆனால் அங்கே பழைய ஷாக் அப்சார்பரே தொடர்கிறது. கனமான டயரை அடக்கும் வேலையும் அதன் தலையில் விழுகிறது. இரண்டுக்குமே ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி தேவை. அமுங்கிய ஸ்பிரிங் கை தவறி விடுபட்டால் ஆளைக் கொல்லும். இதை வீட்டு வாசலில் செய்யும் வேலையாக நினைக்கவே கூடாது.

என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவுமல்ல, பொருத்திய பிறகு வரும் பராமரிப்புதான். முன்பக்கம் உயர்ந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) கலையாமல் இருக்காது. டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது) மாறும், கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) மாறும். இரண்டையும் எவரும் கவனிப்பார்கள், ஏனென்றால் டயர் ஒரு பக்கம் தேய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். கவனிக்கப்படாமல் போவது காஸ்டர், அதாவது பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு. ஸ்டீயரிங்கைத் திருப்பி விட்டதும் அது தானாக நேருக்கு வருவதற்கும், நெடுஞ்சாலையில் வண்டி கோடு பிடித்ததுபோல் போவதற்கும் காஸ்டர் கோணமே காரணம். வண்டியை உயர்த்தும்போது அது குறைகிறது. குறைந்தால் டயர் தேயாது, சத்தம் வராது. ஆனால் காற்றடித்தால் வண்டி அலையும், ஓட்டுநர் ஓயாமல் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருப்பார், நீண்ட பயணத்தில் தோள் வலிக்கும். குறை டயரில் என்று நினைத்து டயரை மாற்றுகிறவர்களும் உண்டு.

கீழ் கன்ட்ரோல் ஆர்மின் போல்ட்டுகளில் உள்ள சரிசெய்யும் இடம் ஓரளவுதான். உயரம் கூடக்கூட அந்த இடம் கேம்பரைச் சரிசெய்வதிலேயே தீர்ந்துபோகும், காஸ்டருக்கு மிச்சம் இருக்காது. அப்போது வேறு மேல் கன்ட்ரோல் ஆர்ம் வாங்க வேண்டும். மலிவான கிட்டில் மிச்சப்படுத்திய பணம் அங்கே போய்விடும். நான் ஒன்றரை அங்குலத்தோடு நின்றதற்கு இதுவே காரணம். பழைய ஆர்மை வைத்துக்கொண்டே மூன்று கோணங்களும் வரம்புக்குள் வந்தன. அலைன்மென்ட் முடிந்ததும் அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். “வரம்புக்குள் இருக்கிறது” என்ற வாய்வார்த்தை போதாது. இரு பக்கக் காஸ்டருக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பதையும் பாருங்கள்.

ஒன்றரை அங்குலத்தில் நின்றதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. பின்பக்கம் இன்னும் சற்று உயர்ந்தே இருக்கிறது. முழுச் சமமாக்கிய வண்டியில் பாரம் ஏற்றினாலோ டிரெய்லரை மாட்டினாலோ பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் வானத்தைப் பார்க்கும், முகப்பு விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். எந்த உயரமானாலும் வேலை முடிந்ததும் விளக்கின் கோணத்தை இறக்கிச் சரிசெய்வது கட்டாயம். உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து அளக்காமல் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் டயரின் காற்றழுத்தம் கணக்கைக் குழப்பாது.

ரிம் விஷயத்தில் அழகு பற்றி நான் வாதாடப் போவதில்லை. போல்ட் அமைப்பு பொருந்த வேண்டும் (எஃப்-150 வண்டிக்கு 6 போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 135 மி.மீ.; டொயோட்டா டகோமாவுக்கும் 6 போல்ட்தான், ஆனால் 139.7 மி.மீ.), ரிம்மின் நடுவிலுள்ள ஹப் துளை பொருந்த வேண்டும், சுமைத் திறன் குறையக் கூடாது. பார்க்க வேண்டியது ஆஃப்செட்: ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் (+) அல்லது உள்பக்கம் (−) இருக்கிறது என்ற அளவு. என் பழைய ரிம் 7.5 அங்குல அகலம், +44 ஆஃப்செட். 8.5 அங்குலம், +18 என்ற ரிம்முக்குப் போனால் வெளிவிளிம்பு சுமார் 39 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு ஆர்மிலிருந்து 13 மி.மீ. விலகும். அந்த அளவுக்கு வண்டி இசைந்துகொடுக்கிறது. −12, −18 என்று போகிறவர்களுக்குக் கிடைப்பது அகன்ற தோற்றம். ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டயர் சுழலும் வட்டமும் பெரிதாகி, உள் மட்கார்டிலும் பம்பரின் ஓரத்திலும் இடிக்கும். பேரிங்கின் மீதும் பால் ஜாயின்ட்டின் மீதும் விழும் நெம்புகோல் விசையும் கூடும். ஸ்ட்ரட்டைத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றிய பாகங்களை ரிம் மூலம் வருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

டயரிலும் இதே பார்வைதான். பழைய அளவான 275/65 ஆர் 18-இன் விட்டம் 815 மி.மீ.; 275/70 ஆர் 18-இன் விட்டம் 842. அகலம் கூடாமல் உயரம் மட்டும் கூடுகிறது. வேகமானி 100 காட்டும்போது உண்மையில் 103-ஐத் தாண்டி ஓடுவீர்கள், அவ்வளவுதான். 35 அங்குல, 12.50 அங்குல அகல டயரில் இந்தப் பிழை 9 சதவீதத்தை எட்டும். வண்டி கிளம்பும் சுறுசுறுப்பும் பிரேக் பிடிப்பும் மந்தமாகும், உரசாமல் இருக்க எதையாவது வெட்ட வேண்டிவரும்.

‘எல்.டி.’ (லைட் டிரக்) வகையில் அதிகச் சுமை தாங்கும் லோடு ரேஞ்ச் ‘இ’ டயரை நான் தவிர்த்தேன். ஒவ்வொன்றும் சாதாரண டயரைவிடப் பல கிலோ கூடுதல். முன்பக்கப் பாகங்களுக்கு அதுவும் பாரமே. அடிக்கடி கனமான டிரெய்லர் இழுப்பவர், கூரிய கல் நிறைந்த பாதையில் போகிறவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம், ‘இ’ ரேஞ்சையே வாங்கட்டும். அதற்குப் பழைய அழுத்தம் போதாது, சுமை அட்டவணையைப் பார்த்துக் கூட்ட வேண்டும். சேற்றுப் பாதைக்கான மட் டெரெய்ன் டயரை நான் அதிகம் ஓட்டியதில்லை. சாலையில் இரைச்சலும் ஈரத்தில் பிடிப்புக் குறைவும் அதன் குணம் என்பதால் எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்னோடு நிறுத்திக்கொண்டேன். முன்பக்கம் முழு ஆக்சில் உள்ள கனரக பிக்கப்புகளின் கணக்கு வேறு, அவற்றுக்கு இங்கே சொன்னதை அப்படியே பொருத்த வேண்டாம்.

கடைசியாக ஸ்டெப்னி. பின் ஆக்சிலில் ஒரு பக்கம் 842, மறுபக்கம் 815 மி.மீ. என்று நீண்ட தூரம் ஓடினால் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கும், நான்கு சக்கர இயக்கத்தைப் போடவே கூடாது. ஐந்தாவது டயரும் அதே அளவில் வாங்குவது உத்தமம். தொட்டிக்கு அடியில் நுழையுமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். ஸ்டெப்னி பழைய ரிம்மிலேயே இருந்தால், புது ரிம்மின் நட்டுகள் அதற்குச் சேராமல் போகலாம். பழைய நட்டுகளில் ஒரு சக்கரத்துக்கானவற்றை ஜாக்கியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.