ராமநாதபுரம் கடற்கரையில் தங்கினால் குடிதண்ணீருக்கு எது கைகொடுக்கும்?

கடற்கரையில் இரண்டு நாள் கூடாரம் போடுகிறவர்கள் எந்த டார்ச் வாங்கலாம், எந்த அடுப்பு நல்லது என்று நிறைய விசாரிக்கிறார்கள். தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், "ஃபில்டர் பாட்டில் இருக்கிறதே" என்று பதில் வருகிறது. மலைக்குப் போகிறவர் இப்படிச் சொன்னால் சரி. மண்டபம், பெரியபட்டினம், வாலிநோக்கம் பக்கம் போகிறவர் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஊருக்குள்ளேயே பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு அலைகிற மாவட்டம் இது. வெயிலில் நடந்து, விறகு பொறுக்கிச் சமைக்கிற ஒருவருக்குக் குடிக்க மட்டும் நாளைக்கு நான்கைந்து லிட்டர் வேண்டும்.

அந்த ஃபில்டரையே முதலில் பார்த்துவிடுவோம். அதன் நுண்துளைகள் கிருமியையும் கலங்கலையும் பிடிக்கும். தண்ணீரில் கரைந்த உப்பை அவற்றால் பிடிக்கவே முடியாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை வடிகட்டிக் குடித்தாலும் கடல்நீர் குடித்ததுதான். அந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் உடம்பில் இருக்கிற நல்ல நீரையும் சேர்த்துச் செலவழிக்கும். நல்ல தண்ணீர் கிடைத்த பிறகு அதைச் சுத்தம் செய்யத்தான் ஃபில்டர். அந்த வேலைக்கு அது அருமையான பொருள்.

அடுத்தது, மணலில் குழி வெட்டி, நடுவில் பாத்திரம் வைத்து, மேலே பாலிதீன் விரித்து, வெயிலில் ஆவியைப் பிடிக்கிற முறை. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு மீட்டர் அகலக் குழியில் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஒரு லிட்டர் தேறுவதே கடினம். குழி வெட்டச் சிந்துகிற வியர்வை அதற்கு மேலே போய்விடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விரிப்பு நிற்கவும் செய்யாது. கடல்நீரைப் பானையில் காய்ச்சி ஆவியைப் பிடிப்பது இதைவிடத் தேவலாம். சீமைக்கருவேல விறகுக்கு இங்கே பஞ்சமில்லை, நின்று எரியும். ஆனாலும் ஒரு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏழெட்டு மடங்கு கூடுதலாகக் கொடுத்தால்தான் அது முழுக்க ஆவியாகும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யலாம். உயிர்காப்புப் படகுகளில் வைக்கும் கைப்பம்பு ஒன்று இருக்கிறது, கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தி நன்னீராக்கும். அதில் சிறிய வகையை ஒரு மணி நேரம் அடித்தால் ஒரு லிட்டருக்குள்தான் கிடைக்கும். விலையோ நமக்குக் கட்டுப்படியாகாது.

இனி ஊற்று. இந்தக் கரைக்கே உரிய வழி இதுதான், இதைக் கற்றுக்கொள்ளாமல் இங்கே தங்கவே கூடாது என்பேன். தனுஷ்கோடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், நான்கடி ஆழத்துக்குள், குடிக்கிற தண்ணீர் ஊறுகிறது. 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்த பிறகும் அங்கே மீனவக் குடும்பங்கள் வாழ முடிந்ததற்கு இந்த ஊற்றுகள் ஒரு பெரிய காரணம். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரைவிட இலேசாக இருப்பதால், தண்ணீர் மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கிறது. அந்த நல்ல நீர் மெல்லக் கடலை நோக்கி நகரவும் செய்கிறது. தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் கிடைப்பது இதனால்தான்.

ஆகவே அலை நனைக்கிற மணலில் தோண்டக் கூடாது. முதல் மணல்மேட்டுக்குப் பின்னால், பள்ளமான இடத்தில், பனையோ தென்னையோ செழிப்பாக நிற்கிற பக்கம் பாருங்கள். அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் உப்பைத் தாங்கி வளர்பவை, அவற்றை நம்பி இடம் தேர்ந்தெடுக்க முடியாது. மணல் சரியும் என்பதால் வாயை அகலமாக வெட்டி, சாய்வாக இறக்குங்கள். நீர் கசியத் தொடங்கியதும் கையை நிறுத்திவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் ஆழமாக வெட்டினால் உப்புநீரில் போய் நிற்கும். முதலில் வரும் கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்ததைச் சிரட்டையால் மேலாக அள்ளுங்கள். வேகமாக இறைத்தாலும் ஆபத்துதான்: மேலே நல்ல நீர் சிறிது இறங்கினாலே அடியில் உப்புநீர் கணக்குப்படி நாற்பது மடங்கு வரை ஏறிவரப் பார்க்கும். உவர்ப்புத் தட்டினால் சில மணி நேரம் விட்டுவிடுங்கள், அப்புறம் மறுபடி ருசி பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஊற்று தாராளமாக இருக்கும், கோடையில் மெலிந்துவிடும். குடியிருப்பு, கழிப்பறை, கருவாடு காயப்போடும் இடம் இவற்றிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் வெட்ட வேண்டும். ஊர்க்காரர்கள் பாவிக்கிற ஊற்றில் கேட்காமல் கை வைக்காதீர்கள். அள்ளியதைத் துணியில் வடிகட்டி, ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டுக் குடிக்கலாம். கொதிக்க வைத்தால் உப்பு போகாது, வற்ற வற்றக் கூடும்.

இவ்வளவு சொன்னாலும், கையில் தண்ணீர் இல்லாமல் ஊற்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சுமந்து போவதுதான் என் முதல் தேர்வு, ஊற்று இரண்டாவது. வண்டி தோப்பு வரை போகுமென்றால் இருபது லிட்டர் கேனே போதும். நடந்து போகிறவர் ஐந்து லிட்டர் கேன்களாகப் பிரித்துக்கொள்ளட்டும். ஒன்று ஒழுகினாலும் மற்றது இருக்கும். இடமும் முக்கியம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் அங்கே இறங்கக் கூடாது. தனுஷ்கோடியில் இரவு தங்க விடுவதில்லை. தோப்புக்காரரிடம் கேட்டு, கிணறு இருக்கிற தோப்பில் தங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது.

சமையலில் நல்ல தண்ணீரை மிச்சம் பிடிக்கலாம். மீன் கழுவவும் சட்டி தேய்க்கவும் கடல்நீரும் மணலும் போதும். சோற்றுக்கு உப்புப் போடுவதற்குப் பதில் ஐந்து பங்கு நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கு சுத்தமான கடல்நீர் சேர்த்து உலை வைக்கலாம். ஊற்றுநீர் கடினமாக இருந்தால் பருப்பு வேகாது. அதற்குக் கேன் தண்ணீரை ஒதுக்கி வையுங்கள், அல்லது பருப்பை விட்டுவிட்டு மீன் குழம்பு வையுங்கள்.