காது மெஷின் படிப்பில் மூன்று மாதச் சம்பளம் போச்சு

இன்னும் கோபம் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காது மெஷின் பொருத்தும் வேலை கற்றுக்கொள்ளலாம் என்று ஆன்லைன் பயிற்சித் தளம் ஒன்றில் சேர்ந்தேன். மூன்று மாதச் சம்பளம். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிற ரகம், அதனால் போடவில்லை.

எங்கே ஏமாந்தேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வீடியோ காலில் வந்த பெண் பணப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு ஆடியோகிராமை, அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை, திரையில் காட்டி, "சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. சத்தத்தோட சுருதி 2000 ஹெர்ட்ஸ் தாண்டினதும் கோடு சரியுது பாருங்க. இவருக்குக் குரல் கேட்கும், ஸ, ஷ மாதிரி சத்தம் விழாது" என்றார். என் அப்பா அப்படியே! "பேசுறது கேக்குது, என்னன்னுதான் புரியல" என்று தினமும் சொல்கிறவர். அதைச் சொன்னதும், "அப்போ அப்பாவுக்கு நீங்களே பொருத்தலாமே மேடம்" என்றார். அன்று ராத்திரியே கட்டிவிட்டேன். அவர் காட்டியதில் எதுவும் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

பயிற்சிப் பெட்டி 9-ஆம் நாள் வந்தது. காதின் உள் வடிவத்தை அச்செடுக்கும் பேஸ்ட், ஒரு சிரிஞ்ச், நூல் கட்டிய பஞ்சு இரண்டு. காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப் இல்லை. உள்ளே அழுக்கு அடைத்திருக்கிறதா, செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் எப்படி அச்செடுப்பது என்று கேட்டேன். "அது அட்வான்ஸ்டு மாட்யூலில் வரும்." அதற்குத் தனிக் கட்டணமாம். எலும்பு வழியாகச் சத்தம் அனுப்பிப் பார்க்கும் சோதனையும், அடுத்த காது குறுக்கிடாமல் அதில் இரைச்சல் கொடுக்கும் மாஸ்கிங்கும் சேர்த்து மொத்தம் 11 நிமிட வீடியோ.

கிளினிக்கில் நேரடிப் பயிற்சி என்றார்களே? "உங்க பக்கத்துலயே ஒரு கிளினிக் பாத்துக்கோங்க." போனேன். அங்கிருந்த ஆடியாலஜிஸ்ட் (காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) சான்றிதழைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்துவிட்டு, "இதை வச்சு உரிமத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாதும்மா" என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 7 நாளுக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். பெட்டி வந்ததே 9-ஆம் நாள்! அப்புறம் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு மெயில். அந்தப் பெண்ணைக் கேட்டால் "வேற டிபார்ட்மென்ட் போயிட்டாங்க". மூன்று மாதச் சம்பளம் சார் என்றேன், லைன் கட்.

சேரப் போகிறவர்களுக்கு விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. உரிமம் கொடுக்கும் அமைப்பின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். யாருடைய மேற்பார்வையில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்பதை எழுத்தில் வாங்குங்கள். ராத்திரியில் பணம் கட்டாதீர்கள். அந்தப் பெட்டி வந்திருந்தால் தயவுசெய்து வீட்டு ஆள் காதில் பேஸ்ட்டை ஏற்றாதீர்கள். நான் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, சிரிஞ்சை நிரப்பிய பிறகுதான் நிறுத்தினேன்.