28 சதப் புரத மிதவைத் தீவனம்: ஒரு வளர்ப்பு முழுக்கப் போட்டுப் பார்த்த பிறகு

ஒரத்தநாடு பக்கம் அரை ஏக்கர் குட்டையில் கிஃப்ட் திலாப்பியா (சீக்கிரம் வளர்வதற்கென்று தேர்ந்தெடுத்து உருவாக்கிய திலாப்பியா மீன் ரகம்) வளர்க்கிறேன். போன வளர்ப்பில் குஞ்சு விட்டதிலிருந்து பிடிக்கும்வரை 32 சதப் புரதத் தீவனம்தான், புரதம் கூடினால் மீனும் சீக்கிரம் கூடும் என்ற நம்பிக்கை. இந்த முறை மீன் 100 கிராமைத் தாண்டியதும் அதே கம்பெனியின் 28 சதத்துக்கு மாறினேன். குறையும் சொல்லப் போவதால் கம்பெனி பெயர் வேண்டாம்.

28 தாராளமாகப் போதும். போன முறை ஒரு கிலோ மீன் ஏற 1.4 கிலோ தீவனம் ஆனது, இந்த முறை 1.5. அரைக் கிலோ எடைக்கு வர பத்து நாள் கூடுதலாகப் பிடித்தது, ஆனால் மூட்டைக்கு மூட்டை இருந்த விலை வித்தியாசம் அதையெல்லாம் ஈடுகட்டி கையில் மிச்சமும் வைத்தது. எனக்குப் பெரிய நிம்மதி தண்ணீரில்தான். மீன் தன் சதைக்கு வேண்டிய புரதத்தை எடுத்துக்கொண்டு மீதியை எரித்துவிடுகிறது, அந்தக் கழிவு அம்மோனியாவாகச் செவுள் வழியே குட்டைக்குள்ளேயே வருகிறது. அது பாசிக்கு உரமாகிவிடும். போன முறை கடைசி இரண்டு மாதம் தண்ணீர் கரும்பச்சையாகி, விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பார்க்கவே வயிறு கலங்கும். நான் தீவனத்தைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டதும் ஒரு காரணம்தான். இந்த முறை அளவையும் குறைத்தேன், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை அவசரமாக ஓடிப்போய்ப் போட்ட நாட்கள் இரண்டே இரண்டு.

ஆனால் குஞ்சுக்கு 28 போட்டு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். சின்ன மீன் உடம்பு கட்டுகிற வயது, அதற்கு 35, 40 சதம்கூடத் தேவைப்படும், அங்கே குறைத்தால் பெரிசும் சிறிசுமாக வளர்ந்து கடைசிவரை சமமாகாது.

கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதி கலந்தாலே கிட்டத்தட்ட 25 சதம் வருமே, மூட்டை எதற்கு என்று எங்கள் ஊரில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கடலைப் புண்ணாக்கில் லைசின், மெத்தியோனின் என்ற, புரதத்தைக் கட்டும் இரண்டு அமினோ அமிலங்களும் குறைவு, அவை குறைந்தால் மற்ற புரதம் எவ்வளவு இருந்தாலும் மீனால் முழுசாகச் சதையாக்க முடியாது. அதோடு பாதி கரைந்து அடியில் போய்விடும். மூட்டையில் அச்சடித்த சதம்கூட தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கி வருகிற கணக்குதான், அதில் எவ்வளவு செரிக்கும் என்பதை அது சொல்லாது. அதனால் எண்ணைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள், மீனைப் பிடித்து நிறுத்துப் பாருங்கள். நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீச்சு வலை போட்டு முப்பது மீனையாவது எடை போடுகிறேன்.

இப்போது குறை. நான்காவது தடவை வந்த மூட்டைகளில் அடியில் ஒரே தூள். ஒரு மூட்டையைச் சல்லடையில் சலித்தேன், 35 கிலோவில் ஒரு கிலோவுக்கு மேல் மாவாகவே நின்றது, அது மீன் வாய்க்குப் போகாது, தண்ணீரைத்தான் கெடுக்கும். குருணையை ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் நல்ல மூட்டையில் அரை மணி நேரமும் உருக்குலையாமல் மிதந்தது, இதில் கால்வாசி பத்து நிமிஷத்தில் மூழ்கிவிட்டது. டீலரிடம் வாளியோடு போய்க் காட்டினேன், மூன்று மூட்டையை மாற்றிக் கொடுத்தார், பிரித்துவிட்ட இரண்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த வளர்ப்புக்கும் 100 கிராமுக்கு மேல் இதே 28 தான் வாங்கப் போகிறேன். தயாரித்த தேதி பார்த்து, ஒரு மாதத்துக்கு உட்பட்டதை மட்டும், டீலர் கடையிலேயே ஒரு மூட்டையைப் பிரித்து வாளியில் போட்டுப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவேன்.