யுனைட்டடில் பறக்க எந்த அட்டை? மைலேஜ்பிளஸும் கிரிஸ்ஃபிளையரும்

நூவர்க்கிலிருந்து டென்வர் போகிற யுனைட்டட் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர், அடிக்கடி பறப்பவர்களுக்காக யுனைட்டட் நடத்துகிற மைலேஜ்பிளஸ் திட்டத்தில் பிரீமியர் கோல்ட் என்ற மேல்நிலை உறுப்பினர். இன்னொருவர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அதே மாதிரித் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் எலீட் கோல்ட். விமானம் ஏறுவதற்கு முன்னால் யுனைட்டட் கிளப் லவுஞ்சில் போய் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க இவர்களில் யாருக்கு உரிமை உண்டு? சிங்கப்பூர் அட்டைக்காரருக்குத்தான். கூட ஒரு விருந்தினரையும் அழைத்துப் போகலாம். வருடம் முழுக்க யுனைட்டடுக்கே பணம் கொடுத்த கோல்ட் உறுப்பினர், அன்றைக்கு வெளிநாட்டுப் பயணம் எதுவும் இல்லையென்றால், வெளியே கேட் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

இது தவறுதலாக விட்டுப்போன ஓட்டை இல்லை. எழுதி வைத்த விதி. இதைப் படித்த பிறகுதான் என் பயணங்களை எல்லாம் மைலேஜ்பிளஸிலிருந்து கிரிஸ்ஃபிளையருக்கு மாற்றினேன். நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு, வேலைக்காக உள்நாட்டில் அவ்வப்போது யுனைட்டடில் பறந்து, வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை சென்னைக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும். மற்றவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும் போகப் போகச் சொல்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துவிடலாம். யுனைட்டடும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இருக்கிற ஸ்டார் அலையன்ஸ் என்ற விமானக் கூட்டணி 1997 மே மாதம் தொடங்கியது. யுனைட்டட் அதன் ஐந்து நிறுவனர்களில் ஒன்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2000-இல் சேர்ந்தது. எந்த உறுப்பு நிறுவனத்தில் கோல்ட் ஆனாலும் மற்ற எல்லா நிறுவனங்களும் கொடுத்தே ஆக வேண்டிய சலுகைகள் சில உண்டு: லவுஞ்ச், முன்னுரிமை செக்-இன், முன்னால் ஏறுவது, 20 கிலோ அல்லது ஒரு பெட்டி கூடுதல் லக்கேஜ், காத்திருப்புப் பட்டியலில் முன்னுரிமை. யுனைட்டடில் ஏறும்போது பிரீமியர் கோல்டும் வெளித் திட்டத்துக் கோல்டும் ஒரே முதல் குழுவில்தான் ஏறுகிறார்கள். லவுஞ்சைத் தவிர இவற்றில் இரண்டு அட்டைக்கும் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் லவுஞ்சில் வருகிறது. அமெரிக்க விமான நிறுவனங்கள் லவுஞ்சை ஒரு தனி வியாபாரமாகவே நடத்துகின்றன. யுனைட்டட் கிளப்பின் தனிநபர் சந்தா 2025-இல் 650 டாலரிலிருந்து 750 டாலராக ஏறியது. உள்நாட்டில் பறக்கிற தன் கோல்ட் உறுப்பினர்கள் எல்லாரையும் சும்மா உள்ளே விட்டால் அந்தச் சந்தாவை யார் கட்டுவார்கள்? அறையும் கொள்ளாது. ஆகவே சொந்த உறுப்பினர்களுக்கு மட்டும் உள்நாட்டுப் பயணத்தில் லவுஞ்ச் கிடையாது என்று விதிவிலக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். வெளித் திட்டத்துக் கோல்டுகள் அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் எண்ணிக்கையில் குறைவு. அவர்களுக்குக் கூட்டணியின் பொது விதி அப்படியே நிற்கிறது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸும் இதே வழிதான். அதன் சொந்த மேல்நிலை உறுப்பினர்களுக்கு உள்நாட்டில் அதன் லவுஞ்சான அட்மிரல்ஸ் கிளப் கிடையாது. அதே கூட்டணியில் இருக்கிற பிரிட்டிஷ் ஏர்வேஸின் சில்வர் அட்டை வைத்திருப்பவர் உள்ளே போகலாம். டெல்டாவில் மட்டும் இந்த வழி அடைபட்டிருக்கிறது. அது இருக்கிற ஸ்கைடீம் கூட்டணியில் லவுஞ்ச் வேண்டுமென்றால் யாருக்குமே வெளிநாட்டுப் பயணம் இருந்தாக வேண்டும்.

சரி, கோல்ட் மாதிரியான இந்த ஸ்டேட்டஸ் எப்படி வருகிறது? என் முடிவைத் தீர்மானித்தது லவுஞ்சைவிட இந்தக் கேள்விதான். யுனைட்டட் இப்போது தூரத்தைப் பார்ப்பதில்லை, பணத்தைப் பார்க்கிறது. 2025 கணக்குப்படி பிரீமியர் கோல்டுக்கு 30 விமானங்களோடு 10,000 தகுதிப் புள்ளிகள் வேண்டும். அல்லது புள்ளிகள் மட்டும் 12,000. யுனைட்டட் டிக்கெட்டில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய ஒரு டாலர், அதுவும் அரசு வரிகளைக் கழித்த பிறகு. சென்னைக்கு எகானமியில் போய்வர வரி நீங்கலாக 1,000 டாலர் என்று வைத்தால், 12,000 புள்ளிக்குப் பன்னிரண்டு தடவை போய்வர வேண்டும். கம்பெனி செலவில் வாராவாரம் பறக்கிறவர்களுக்கு இது எளிது. சொந்தப் பணத்தில் ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு நடக்கிற காரியமில்லை. கூட்டாளி நிறுவனம் கொடுத்த டிக்கெட் என்றால் இன்னும் மோசம்: கிடைக்கிற மைல்களை ஒரு எண்ணால் வகுத்து, அதற்கும் மேலே ஒரு உச்சவரம்பு போட்டுத்தான் புள்ளி தருகிறார்கள்.

கிரிஸ்ஃபிளையர் ஸ்டேட்டஸுக்கு இன்னும் தூரத்தையே பார்க்கிறது. எலீட் சில்வருக்கு 12 மாதத்தில் 25,000 எலீட் மைல் (ஸ்டேட்டஸுக்காக எண்ணுகிற மைல்), எலீட் கோல்டுக்கு 50,000. நூவர்க்–சிங்கப்பூர் நேரடி விமானத்தின் தூரம் ஒரு பக்கம் 9,500 மைலுக்குச் சற்று மேல். அங்கிருந்து சென்னை இன்னும் 1,800 மைல். போய்வர மொத்தம் 22,000-ஐத் தாண்டுகிறது. அதாவது, முழுத் தூரமும் கணக்கில் ஏறுகிற டிக்கெட்டாக இருந்தால், ஒரே வருடத்தில் இரண்டு சென்னைப் பயணங்கள் உங்களைக் கோல்டுக்கு வெகு அருகில் கொண்டுபோய் நிறுத்திவிடும். மீதி சில ஆயிரம் மைல்களை யுனைட்டடில் போகிற உள்நாட்டுப் பயணங்களே நிரப்பும். நூவர்க்–சான் பிரான்சிஸ்கோ ஒரு பக்கமே 2,500 மைலுக்கு மேல்.

"முழுத் தூரமும் கணக்கில் ஏறுகிற டிக்கெட்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எகானமியில் மிக மலிவான லைட் கட்டணத்துக்குப் பாதி மைல்தான். அதில் போனால் 22,000 என்பது 11,000 ஆகிவிடும். இரண்டு தடவை போனாலும் சில்வர்கூட வராது. நூவர்க் விமானத்தில் எகானமியே கிடையாது, பிரீமியம் எகானமியும் பிசினஸும் மட்டும்தான். எகானமி வேண்டுமென்றால் நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்குப் போக வேண்டும். பிரீமியம் எகானமியில் முழுத் தூரமும் சேரும், ஆனால் டிக்கெட் விலை கூடுதல். அதோடு சிங்கப்பூர்–சென்னைத் தடத்துக்கு வருகிற நடுத்தர விமானங்களில் பிரீமியம் எகானமி வரிசைகள் இருப்பதில்லை. அந்த நாலு மணி நேரம் எகானமியில்தான். பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற முதல் விமானத்தில் கால் நீட்டி உட்கார முடிகிறதே, எனக்கு அது போதும். வயதான பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். ஒரே ஒரு இடத்தில் மாறினால் போதும், அதுவும் சாங்கியில். அறிவிப்புகளில் தமிழைப் பார்க்க முடிகிற விமான நிலையம் அது.

யுனைட்டட் உள்நாட்டு டிக்கெட்டுக்கும் இதே கதைதான். கட்டண வகுப்பைக் குறிக்கிற ஆங்கில எழுத்தைப் பொறுத்து கிரிஸ்ஃபிளையர் எவ்வளவு சதவீதம் தரும் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. மலிவான எழுத்துகளுக்கு முழுத் தூரம் கிடைக்காது. அட்டவணையைப் பார்க்காமல் டிக்கெட் எடுப்பதும் வீட்டு மனையைப் பத்திரம் பார்க்காமல் வாங்குவதும் ஒன்றுதான்.

அப்புறம் தேதி. யுனைட்டட் ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்குப் போடுகிறது. ஒரு வருடம் சம்பாதித்த கோல்ட், அடுத்த வருடம் முழுக்க நீடித்து அதற்கடுத்த ஜனவரிக் கடைசியில் முடிகிறது. கிரிஸ்ஃபிளையரில் தகுதி பெற்ற பிறகு 12 மாதம், அவ்வளவுதான். அதனால் இரண்டு பெரிய பயணங்களும் ஒரே 12 மாத வளையத்துக்குள் விழுகிற மாதிரி திட்டமிட வேண்டும். பொங்கலுக்கு ஒன்று, டிசம்பர் பள்ளி விடுமுறைக்கும் கச்சேரி சீசனுக்கும் சேர்த்து ஒன்று என்று போனால் சரியாக உட்கார்ந்துவிடும். அடுத்த வருடம் ஒரே ஒரு தடவைதான் ஊருக்குப் போக முடிந்தது என்றால் கோல்ட் நிற்காது. சில்வருக்கு இறங்கினால் கூட்டாளி விமானங்களில் காத்திருப்புப் பட்டியல் முன்னுரிமையைத் தவிர சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. இந்தத் தேர்வின் உண்மையான பலவீனம் இதுதான். ஸ்டேட்டஸை வாங்குவதைவிடக் காப்பாற்றுவது கடினம். வருடா வருடம் இரண்டு தடவை போக முடியாத குடும்பம், போக முடிகிற வருடத்தில் மட்டும் அதை முழுசாக அனுபவித்துக்கொள்ளலாம்.

சேர்த்த மைல்களின் ஆயுளில் யுனைட்டடே மேல். 2019 ஆகஸ்டிலிருந்து மைலேஜ்பிளஸ் மைல்களுக்குக் காலாவதியே இல்லை. கிரிஸ்ஃபிளையர் மைல், நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும், மூன்று வருடத்தில் போய்விடும். ஆனால் அந்த மைலை வைத்து எதை வாங்க முடிகிறது என்று பார்த்தால் தட்டு மறுபக்கம் சாய்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் நீண்ட தூர பிசினஸ் இருக்கைகளைக் கூட்டாளித் திட்டங்களுக்கு அநேகமாகத் திறப்பதே இல்லை. யுனைட்டட் மைல் எவ்வளவு குவித்து வைத்தாலும் நியூயார்க்–சிங்கப்பூர் பிசினஸ் வகுப்பை எதிர்பார்க்க முடியாது. கிரிஸ்ஃபிளையர் மைல் இருந்தால் முயற்சியாவது செய்யலாம். அமெக்ஸ், சேஸ், சிட்டி, கேப்பிட்டல் ஒன் என்று அமெரிக்கக் கிரெடிட் கார்டுப் புள்ளிகள் பலவற்றையும் அங்கே மாற்ற முடிவதால் குறைவதைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படி மாற்றுகிற மைல் டிக்கெட்டுக்கு மட்டும்தான், ஸ்டேட்டஸுக்குச் சேராது.

இனி யுனைட்டட் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியது. தன் உறுப்பினர்களுக்கு அது ஒதுக்கி வைத்திருப்பவை மதிப்புள்ளவை. பிரீமியர் கோல்டுக்கு டிக்கெட் எடுக்கும்போதே கால் நீட்ட இடமுள்ள எகானமி பிளஸ் சீட் இலவசம், கூட வருகிற ஒருவருக்கும் சேர்த்து. உள்நாட்டில் முதல் வகுப்புக்கு இலவச அப்கிரேட் பட்டியலில் பெயர் வரும். கிரிஸ்ஃபிளையர் கோல்டுக்கு யுனைட்டடில் இந்த இரண்டும் கிடையாது. சாதாரண எகானமி சீட்டுதான். பனிப்புயலில் விமானங்கள் வரிசையாக ரத்தாகிற நாளிலும் சொந்த மேல்நிலை உறுப்பினர்களுக்குத் தனித் தொலைபேசி வரிசை இருக்கிறது. வெளி அட்டைக்காரருக்கு மாற்று விமானத்தின் காத்திருப்புப் பட்டியலில் முன்னுரிமை மட்டும்தான். பிளாட்டினத்துக்கும் மேலே இருக்கிற 1கே நிலையை எட்டும் அளவுக்கு நான் பறந்ததில்லை. அந்த உயரத்தில் கிடைக்கிற கவனிப்பு எப்படி என்பதை அங்கே இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். வாரம் இரண்டு விமானம் ஏறுகிற ஆலோசகர்களிடம் மைலேஜ்பிளஸை விட்டு வாருங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் கோல்ட் அளவில் அந்த அப்கிரேட்டை நம்பி எதையும் தீர்மானிக்காதீர்கள். நூவர்க் யுனைட்டடின் பெரிய மையம். பட்டியலில் உங்களுக்கு மேலே பிளாட்டினமும் 1கே உறுப்பினர்களும் நிறைய இருப்பார்கள். லவுஞ்ச் அப்படியில்லை, கிரிஸ்ஃபிளையர் கோல்ட் அட்டை இருந்தால் கிடைக்கும். ஒரு தடவை உள்ளே போவதற்கான சீட்டையே 59 டாலருக்கு விற்கிறார்கள். மாதம் ஒரு தடவை உள்நாட்டுப் பயணம் இருந்தாலே இதன் மதிப்பு தெரியும். விமானம் தாமதமாகிற மாலைகளில் இன்னும் நன்றாகத் தெரியும்.

சாங்கியில் ஒரு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிரிஸ்ஃபிளையர் எலீட் கோல்ட் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்த அட்டையாக இருந்தாலும், அங்கே சில்வர்கிரிஸ் லவுஞ்சுக்குள் போக முடியாது. அது பிசினஸ் வகுப்புப் பயணிகளுக்கும், கோல்டுக்கும் மேல்நிலையான பிபிஎஸ் கிளப்பினருக்கும். கோல்டுக்கு கிரிஸ்ஃபிளையர் கோல்ட் லவுஞ்ச் என்று தனி அறை. யுனைட்டட் கோல்டும் அதே அறைக்குத்தான் வருவார். மூன்றாம் முனையத்தில் இருக்கும் அந்த அறைக்குள் பல வருடங்கள் கழிப்பறைகூட இல்லை. புதுப்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. இட்லி, லக்ஸா என்று எதிர்பார்த்துப் போகாமல், உட்கார்ந்து ஓய்வெடுக்க ஒரு இடம் என்று போனால் குறை தெரியாது. நூவர்க்கில் யுனைட்டடின் போலாரிஸ் லவுஞ்சும் அப்படித்தான்: நீண்ட தூர பிசினஸ் டிக்கெட் இல்லாமல் எந்த அட்டைக்கும் கதவு திறக்காது.

ஃபிராங்ஃபர்ட் வழியாக லுஃப்தான்சாவில் சென்னை போகிறவர்களுக்கு எந்தக் கோல்ட் அட்டையும் செனட்டர் லவுஞ்சைத் திறந்துவிடும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் யுனைட்டட் கோல்டுக்கும் தடை இல்லை. அந்த வழியில் இந்த அட்டையோடு நான் போனது குறைவு. அங்கே மைல் சேர்கிற வேகத்தைப் பற்றி அனுபவமாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

மாறுவதென்று முடிவு செய்தால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யுனைட்டட் செயலியில் உங்கள் கணக்கோடு உள்நுழைந்து டிக்கெட் எடுத்தால் மைலேஜ்பிளஸ் எண் தானாக ஏறிவிடும். அதை நீக்கிவிட்டு கிரிஸ்ஃபிளையர் எண்ணைப் போடுங்கள். செக்-இன் முடிந்ததும் போர்டிங் பாஸில் ஸ்டார் கோல்ட் என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் முன்பே கவுன்டரில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் செயலியில் இருக்கும் உறுப்பினர் அட்டையைத் தொலைபேசியில் திறந்து தயாராக வைத்திருங்கள். லவுஞ்ச் வாசலில் அதையும் காட்டலாம்.