மிச்சக்காசுல புரூஃப் தேடுறதா, பெட்டியோட வாங்குறதா?

அட்டன்ல இருந்து நுவரெலியா பஸ்ல ஏறினா கண்டக்டர் அண்ணே குடுக்குற மிச்சக்காசை ஒவ்வொண்ணா திருப்பிப் பாக்குறது எனக்குப் பழக்கம், பக்கத்து சீட்டுல இருக்கிறவங்க ‘சல்லி குறையுதா தம்பி’னு கேப்பாங்க. குறையல, புரூஃப் காசு ஏதாச்சும் தப்பி வந்திருக்குமானு ஒரு நப்பாசை.

புரூஃப்னா சும்மா புதுசா மினுங்குற காசு இல்ல. அச்சையும் தகட்டையும் பாலிஷ் பண்ணி, ரெண்டு தடவையாச்சும் அழுத்தி அடிச்சு, கையுறை போட்ட ஆள் எடுத்து பெட்டியில வைக்கிறது. வெறும் இடம் கண்ணாடி மாதிரி, உருவம் மட்டும் பனி படிஞ்ச மாதிரி வெள்ளையா இருக்கும். அது பஸ்ஸுக்கு வரணும்னா யாரோ தாத்தா சேத்து வச்சதை பேரன் தெரியாம டொஃபி வாங்க எடுத்துட்டுப் போயிருக்கணும், அவ்ளோதான் வழி.

அதனால மிச்சக்காசு வழியில புரூஃப் கிடைக்கும்னு நம்பினா ஏமாந்துருவீங்க, ஏதாச்சும் விசேஷத்த நினைவுபடுத்த அடிக்கிற நினைவுக் காசுனா தாராளமா தேடலாம். 2013 போட்ட பத்து ரூபா வரிசை 25 மாவட்டத்துக்கும் ஒவ்வொண்ணா வந்துச்சே, அதுல 19 எனக்கு பஸ்லயும் கடையிலயுமே சேந்துச்சு, செலவுனு பாத்தா 190 ரூபா. 1998ல சுதந்திரம் 50 வருசத்துக்கு வந்த ரெண்டு நிற பத்து ரூபா மட்டும் புழக்கத்துல காணோம், எல்லாரும் அழகா இருக்குனு அப்பவே முடிஞ்சு வச்சிட்டாங்க, எங்க அம்மாச்சி வெத்தலப் பையில ஒண்ணு இருந்துச்சு.

ரெண்டாவது வழி பெட்டியோட வாங்குறது. கொழும்பு கோட்டையில மத்திய வங்கியோட மியூசியத்துல நினைவுக் காசு விக்கிறாங்க, பழைய புரூஃப்னா வியாபாரிகிட்டதான். காசுல போட்டிருக்கிற பெறுமதிக்கு கிடைக்காது, அதுக்கு மேல பஸ் காசு, ஒரு நாள் சம்பளம் வேற போகும். ஆனா பெட்டி, அட்டை எல்லாம் ஒழுங்கா இருக்கும், பிறகு விக்கிறப்ப யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு பொறி இருக்கு, டவுன்ல ‘புரூஃப்’னு சொல்லி விக்கிற காசு. நான் 1500 ரூபா குடுத்து கிரிக்கெட் நினைவு அஞ்சு ரூபாக் காசு ஒண்ணு வாங்கி, வீட்டுக்கு வந்து போன் டோர்ச் அடிச்சுப் பாத்தா கீறல் எல்லாம் ஒரே பக்கமா ஓடுது, எழுத்து இடுக்குல கறுப்பு அழுக்கு அப்படியே இருக்கு. யாரோ பித்தளை தேய்க்கிற பாலிஷ் போட்டு தேச்சிருக்காங்க. நிஜ புரூஃப்ல எழுத்தோட ஓரம் வெட்டி வச்ச மாதிரி கூர்மையா நிக்கும், இதுல மழுங்கி சோப்புக்கட்டி மாதிரி இருந்துச்சு.

மூணாவது வழி யாரும் யோசிக்காதது, வெளிநாட்டுக்காரங்க விட்டுட்டுப் போற காசு. வெளிநாட்டு சில்லறைய பேங்க்ல மாத்த மாட்டாங்க, அதனால வெளிநாட்டுக்காரங்க நிறைய வர்ற எல்லங்கிற ஊர்ப்பக்கம் கெஸ்ட் ஹவுஸ்கள்ல டின்ல கிடக்கும். அமெரிக்கால 1968ல இருந்து புரூஃப் பெரும்பாலும் அடிக்கிறது சான் பிரான்சிஸ்கோல, காசுல ‘எஸ்’ எழுத்து இருக்கும். 1999ல இருந்து 2008 வரைக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வந்த குவார்ட்டர்ல, அதான் 25 சென்ட் காசுல, எஸ் இருந்தா அது கண்டிப்பா புரூஃப்தான், புழக்கத்துக்குனு அங்க அடிக்கவே இல்ல. டின்னைக் கொட்டித் தேடினதுல 2004 விஸ்கான்சின் ஒண்ணு வந்துச்சு, மாடு, சீஸ், சோளக்கதிர் போட்டது, மறுபக்கம் வோஷிங்டன் தலை, அவர் குடுமிக்குப் பின்னால எஸ். ஓரத்தப் பாத்தா செம்புக் கோடு தெரிஞ்சுச்சு, அதனால வெள்ளி இல்ல. வெள்ளி புரூஃப்ல அந்தக் கோடு இருக்காது. பெரிய விலைக்குப் போகாது, இருந்தாலும் என் வாழ்க்கையில சில்லறையா கிடைச்ச ஒரே புரூஃப் அதுதான்.

என்னைக் கேட்டா புரூஃப் வேணும்னா பெட்டி, தேடுற சுகம் வேணும்னா மிச்சக்காசு, ரெண்டும் கலந்து வேணும்னா கெஸ்ட் ஹவுஸ் டின். எதுனாலும் காசை ஓரத்துல பிடிங்க. நான் அந்த விஸ்கான்சினை சந்தோசத்துல சட்டையில தேச்சிட்டேன், மாட்டு முகத்துக்குப் பக்கத்துல மயிரிழை மாதிரி கீறல், இப்பவும் வெளிச்சத்துல சாய்ச்சா தெரியுது.