வளர்ப்புப் பராமரிப்புக் குடும்பங்களுக்கு ஒரு திருச்சபையின் ஆதரவுக் குழு: ஓராண்டு அனுபவம்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கத்துத் திருச்சபை ஒன்று, வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது பெற்ற குடும்பத்தால் பார்த்துக்கொள்ள முடியாத காலத்துக்கு, பிறர் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்காக நடத்தும் ஆதரவுக் குழுவில் ஓராண்டாக இருக்கிறோம். கட்டணம் கிடையாது; நாங்கள் அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பதும் தடையாகவில்லை.

பிள்ளை யாரிடம் வளர்வது என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு பையன் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரமும் இரவுச் சாப்பாடு திருச்சபைக் குழுவினரிடமிருந்தே வந்தது. முதல் நாள் அவன் குழம்பைத் தொட்டுவிட்டுத் தண்ணீரை மட்டுமே குடித்தான் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். மறுநாள் வேறொரு வீட்டிலிருந்து வந்த எவர்சில்வர் தூக்கின் மூடியில் ‘காரம் குறைவு’ என்று எழுதி ஒட்டியிருந்தது. குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு எந்தெந்தத் தாள்களோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும் என்பதையும் திருச்சபைக் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரே விளக்கினார்.

குறை சிறியதன்று. கூட்டத்தில் எடுத்த படத்தை ‘அநாதைப் பிள்ளைகளுக்கு அன்பின் விருந்து’ என்ற வரியோடு சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். பராமரிப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடுக்கிறது. (நானும் இங்கே சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) சொன்னவுடன் படத்தை நீக்கினார்கள், ‘அநாதை’ என்ற சொல் போக இன்னும் ஆறு மாதம் ஆயிற்று.

பையனுக்குத் தாய் இல்லை, தகப்பன் இருக்கிறார். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனவர், மழைக்காலத்தில் வண்டி நின்றால்தான் ஊர்ப் பக்கம் வருவார். வளர்ப்புப் பராமரிப்பு தத்தெடுப்பு அன்று. பெற்ற குடும்பம் நிமிர்ந்தால் பிள்ளை அங்கே திரும்புவதுதான் அதன் முதல் நோக்கம். இது புரியாமல், தகப்பன் இல்லாத இடத்தை நிரப்பவென்று குழு சில ‘மாமா’க்களை அனுப்பியது. கிரிக்கெட் மட்டையும் அறிவுரையுமாக வந்தவர்கள் நல்லவர்களே. ஆனால் ‘உன் அப்பாவை மறந்துவிடு’ என்று அவர்களில் ஒருவர் சொன்ன அன்று பையன் சாப்பிடவில்லை.

பிறகு வந்தவர் முன்னாள் ரிக் ஓட்டுநர். சனிக்கிழமைதோறும் தட்டுவடை செட் வாங்கித் தந்து, பாதுகாப்பு அலகின் ஒப்புதலோடு, கடை பெஞ்சிலிருந்தே தகப்பனைக் கைபேசியில் பிடித்துத் தருவார். எதிர்முனையில் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டால், ‘பாறை தட்டியிருக்கு, பத்து நிமிஷம் பொறு’ என்று பையனிடம் சொல்லத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். இத்தகையவர் குழுவில் ஒருவரே இருப்பதால் மற்ற இரண்டு வீடுகள் காத்திருக்கின்றன. விருந்துக்குச் செலவிடுவதில் பாதி அக்கறையை இதற்குக் காட்டலாம்.

இரண்டாம் சனிக்கிழமை மாலை கூட்டம். நலக் குழு ஆணையின் நகலைக் கொண்டுபோனால் போதும். ஜெபத்துக்கு இருப்பதும் எழுந்து வருவதும் அவரவர் விருப்பம்.