சமூக உளவியல் தேர்வுக்கு ஆன்கி செயலி: எங்கே உதவும், எங்கே கைவிடும்

கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று நாம் எழுதும் அட்டையை, மறக்கப்போகும் நேரம் பார்த்து மறுபடி நீட்டுவதுதான் ஆன்கியின் வேலை. பெயரும் ஆண்டும் எண்ணும் ஒன்றோடொன்று குழம்பும் பாடத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

அட்டை எழுதும் விதத்தில்தான் சிக்கல். அதிகாரி சொன்னால் இன்னொருவருக்கு மின்அதிர்ச்சி கொடுப்பார்களா என்று பார்த்தது மில்கிராம் சோதனை. ‘மில்கிராம் சோதனையை விவரி’ என்று ஒரே அட்டையில் போட்டால், பாதி நினைவுக்கு வந்ததற்கே ‘தெரியும்’ என்று அழுத்திவிடுவோம். அதை உடைத்துப் போடுங்கள்: வெளியான ஆண்டு 1963, பங்கேற்ற ஆண்கள் 40, 450 வோல்ட் வரை போனவர்கள் 26 பேர், அதாவது 65 சதவீதம்.

ஒப்பீட்டு அட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்ன ஆஷின் சோதனையில், கூட இருப்பவர்கள் வேண்டுமென்றே தவறான பதில் சொல்வார்கள்; கட்டளையிட யாருமில்லை, சக ஆட்களின் அழுத்தம் மட்டுமே, அது ஒத்துப்போதல். மில்கிராமில் அதிகாரி சொன்னார், அது கீழ்ப்படிதல். மதிப்பெண் நழுவுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் சோதனைக்கு (1959) பின்பக்கத்தில் ‘ஏன்’ என்றொரு வரி சேருங்கள். சலிப்பான வேலையைச் சுவையானது என்று அடுத்தவரிடம் பொய் சொல்லச் சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர் கொடுத்தார்கள். பிறகு கேட்டபோது, 20 டாலர் வாங்கியவர்களைவிட 1 டாலர் வாங்கியவர்களே அந்த வேலையைச் சுவையானது என்றார்கள். சொன்ன பொய்க்கு அந்த ஒரு டாலர் போதிய சாக்கு இல்லை. அதனால் மனப்பான்மையே மாறியது.

பிறர் செய்த அட்டைத் தொகுப்புகளை அப்படியே நம்பாதீர்கள். 1964-ல் நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணின் கொலையை ‘38 பேர் வேடிக்கை பார்த்தார்கள்’ என்று எழுதியிருந்தால் திருத்துங்கள். அது மிகைப்படுத்தப்பட்ட செய்தி.

நாளுக்கு 20 புது அட்டை என்ற இயல்பு அமைப்பை 10 ஆக்குங்கள், இல்லாவிட்டால் மீள்பார்வை மலையாகக் குவியும். கட்டுரை வினாவுக்கு ஆன்கி உதவாது; அதற்குத் தாளும் பேனாவும்தான்.